கொடைக்கானலில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பேசலாம். மே மாதம் பிள்ளைகளோடு கொடைக்கானல் போகிறீர்கள். வேன் டிரைவர் சொன்ன பட்டியலும் கையில் இருக்கிறது: கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, பைன் காடு, பிரையண்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில், எல்லாம் ஒரே நாளில். முதல் வேலையாக அதில் முக்கால்வாசியை அடித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மிச்ச நேரமெல்லாம் ஏரிக்கரைதான். இதற்கு அந்த மலையிலேயே காரணங்கள் இருக்கின்றன.

ஏறுவதிலிருந்து ஆரம்பிப்போம். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இவ்வளவு உயரத்தையும் அந்த மலைச்சாலை ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வளைந்து வளைந்து ஏறுகிறது. பிள்ளை கையில் செல்போன் இருந்தால் கண் அசையாத திரையைப் பார்க்கும், உள்காதோ ஒவ்வொரு வளைவையும் உணரும். இரண்டும் மூளைக்கு வேறுவேறு சேதி சொல்வதால்தான் வாந்தி வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, முன்னால் வரும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி சரியாக இருக்கும். மாத்திரை தேவையென்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, ஏறத் தொடங்கும் முன்பே கொடுங்கள். பாதி வழியில் கொடுத்தால் பலன் குறைவு. காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் தானே சரியாகும். வெள்ளி அருவியில் அரை மணி நேரம் இறங்கி நில்லுங்கள். அங்கே விழுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு ஏரியைப் பார்க்கும் ஆவல் வந்துவிடும்.

அந்த ஏரி இயற்கையாக உண்டானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் பள்ளத்தில் ஓடிய ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து உண்டாக்கியது. தண்ணீர் பள்ளத்தின் கிளைகளுக்குள்ளெல்லாம் புகுந்து நின்றதால் நட்சத்திரம் போன்ற வடிவம் வந்தது. கரையின் எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரி கண்ணில் படாது; ஒவ்வொரு முனை திரும்பும்போதும் புதிதாக ஒரு நீர்ப்பரப்பு தெரியும். சுற்றுச்சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சின்னப் பிள்ளையை நடக்கவிட்டால் பாதிச் சுற்றில் களைத்துவிடும், அங்கிருந்தே திரும்பி வந்தாலும் குறைவில்லை.

ஏரிக்கு விடிந்ததும் போய்விடுங்கள். இரவில் காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பிலிருந்து கிளம்பும் ஈரம் குளிர்காற்றில் பட்டு, ஏரி ஆவி விடுவதுபோல் வெண்மையாக எழும். வெயில் ஏற ஏற அது கலைந்துவிடும். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்கும் இடம் இது. அவசரப்படுத்தாமல் பதில் சொல்லுங்கள்.

படகில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். பிறகு தோள்பட்டைப் பட்டியைப் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிய அளவு. சின்னதாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

உயரத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்களுக்கும் காலைதான் நல்லது. பகலில் வெயில்பட்டுச் சரிவுகள் சூடாகும்போது அடிவாரக் காற்று மலையை ஒட்டி மேலேறி, குளிர்ந்து, மேகமாகத் திரளும். மதியத்துக்கு மேல் தூண் பாறைக்குப் போனவர்கள் பல நாள் வெள்ளைப் புகையைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதையிலும் இதே கதைதான். அதனால் ஒரு நாள் காலை ஏரி, மறுநாள் காலை கோக்கர்ஸ் வாக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பாடு, தூக்கம். மாலையில் மழை தூறினால் அறையிலேயே பல்லாங்குழி, சீட்டு. வெறித்துவிட்டால் ஏரிக்கரையில் சுட்ட சோளம். குரங்குகளுக்கு மட்டும் எதுவும் கொடுக்க வேண்டாம். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்குகின்றன.

மே மாதத்திலும் பின்னிரவில் 12 டிகிரியை ஒட்டி இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம். பகலில் குளுமையாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூக்கும் கன்னமும் சிவந்துவிடும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையுள்ள வீடு எடுத்தால் குக்கரும் வேண்டும்: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரமாகும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை.

இனி நாள் குறிப்பது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை. கூட்டம் சனி ஞாயிறில்தான் நெரிகிறது, மலைச்சாலையில் வண்டி நகராமல் நின்றால் பிள்ளைகள் தவித்துப்போகும். பள்ளிதான் விடுமுறையாயிற்றே, அலுவலகத்தில் லீவு சொல்லி திங்கட்கிழமை ஏறுங்கள், வியாழக்கிழமை இறங்குங்கள். எக்காரணம் கொண்டும் சனிக்கிழமை காலையில் மட்டும் ஏறாதீர்கள்.