குடிக்காத பிள்ளைக்கு உரிமத் தடை வந்தால்?

சிட்னியில் படிக்கும் பிள்ளைகளுள்ள குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சட்டம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பழகுநர் உரிமமோ தற்காலிக உரிமமோ வைத்திருப்பவர் வாகனம் ஓட்டும்போது, அவர் உடலில் மது துளியும் இருக்கக் கூடாது. அளவு 0.02-க்குக் கீழே இருந்தாலும் குற்றம்தான். முதல் முறை சிக்குபவருக்கு, 2019 மே முதல், காவல்துறையே அபராதமும் 3 மாத உரிமத் தடையும் விதிக்கலாம்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா?

குடித்தது உண்மையென்றால், தண்டனையை ஏற்பதே நல்லது என்போம். வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானால் குற்றப்பதிவு, 2,200 டாலர் வரை அபராதம், பொதுவாக 6 மாதத் தடை என்று சுமை கூடலாம்.

குடிக்கவே இல்லை, இருமல் மருந்தோ உணவோதான் காரணம் என்றால் நிலை வேறு. மதுவுக்காக அதை உட்கொள்ளவில்லை என்று காட்டினால் சட்டம் அதைத் தற்காப்பாக ஏற்கிறது. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு ஓட்டியவருடையது. ஆகவே மருந்துப் புட்டி, ரசீது, மருத்துவர் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். தடைக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 28 நாட்களே அவகாசம்.

அதற்கும் முன்பாக, பிள்ளையைத் திட்டாமல் உட்கார வைத்து உண்மையைக் கேளுங்கள். குடிப்பது ஹராம், குடித்துவிட்டு மருந்தின் மேல் பழி போடுவது இரண்டாவது பாவம். குடிக்காத பிள்ளை அந்தப் பெயரைச் சுமக்கவும் நாம் விடக்கூடாது.