ஒரு சொட்டு பெட்ரோலின் கணக்கு

அக்டோபர் மாதக் காலை. தெற்கு ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைச்சாலையில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டு வண்டி. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னலுக்குத் திரைச்சீலை. வெளியே மூடுபனி, எட்டு டிகிரிக் குளிர். இருபது நிமிடம் சமர்த்தாக ஓடிய வண்டி திடீரென்று இருமுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. ஓரங்கட்டியதும் நின்றேவிடுகிறது. ஓட்டி வந்தவர் இறங்கிப் பின்பக்க மூடியைத் திறந்து பார்க்கிறார். இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால்தான். பெட்ரோல் இருக்கிறது, வயர்கள் மாட்டியபடியே இருக்கின்றன, எதுவும் கழன்று தொங்கவில்லை. அலுத்துப்போய் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடிக்கிறார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி புறப்படுகிறது!

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் எதைக் கழற்றிப் பார்த்தாலும் குறை அகப்படாது. குற்றவாளி இருந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள். பத்து நிமிடத்தில் தடயமே இல்லாமல் மறைந்துவிட்டது. அது யார் என்று தெரிந்துகொள்ள, அந்த உலோகக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வேனின் கதை, 1947இல் பென் போன் என்ற டச்சு வணிகர் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படத்தில் தொடங்குகிறது. 1950இல் உற்பத்தி ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்தி நடமாடும் வீடாக்கியது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, பெல்ட்டில் சுழலும் ஒரு விசிறி மட்டும்தான். பெட்ரோலை அளந்து கொடுக்கக் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. அந்த வேலை முழுவதையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர் பார்த்துக்கொள்கிறது.

அந்த வேலையின் நுணுக்கத்தை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்பதை நிரப்புகிற அளவு. வேனின் 1600 சிசி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நான்கும் சேர்ந்து நொடிக்கு நூறு முறை மூச்சிழுக்கின்றன. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால்கூட ஒரு மூச்சுக்கு வேண்டிய பெட்ரோல் 0.04 மில்லி லிட்டர்தான். கண் மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டைவிடக் குறைவு. இந்தச் சொட்டைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து, சரியான அளவு காற்றில் கலந்து, நொடிக்கு நூறு தடவை பரிமாற வேண்டும்.

இதற்கான தந்திரம், ஒரு குழாயின் இடுப்பை இறுக்கிவிடுவது. வேனின் கார்புரேட்டருக்குள் 34 மில்லிமீட்டர் அகலமுள்ள காற்றுப்பாதை நடுவே 26 மில்லிமீட்டராக ஒடுங்குகிறது. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுகிறதல்லவா, அதுபோல் ஒடுங்கிய இடத்தில் காற்றும் வேகமெடுக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சிறு குழலின் வாயை வைத்தால், கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தானாக மேலேறித் தெறிக்கும். இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி இந்த ஒடுக்கத்தைப் பற்றி 1797இல் எழுதினார். அதனால் இந்த இடுப்புக்கு வெஞ்சுரி என்றே பெயர். இதே வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் கருவிக்கு ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893இல் காப்புரிமை பெற்றார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் அப்படியொரு கருவியை உருவாக்கினார். இதில் எனக்குப் பிடித்த அம்சம், அளக்கப்படும் பொருளே அளவுகோலாகவும் இருப்பது. காற்று அதிகம் போனால் உறிஞ்சல் கூடுகிறது, பெட்ரோலும் கூடுகிறது. கேட்கிறவரே தன் பங்கை இழுத்துக்கொள்கிறார்.

இனி நம் குற்றவாளிக்கு வருவோம். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைத் திருடிக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. மண்பானைத் தண்ணீரின் ரகசியமும் அதுதான். வெஞ்சுரிக்குக் கீழே பெட்ரோல் ஆவியாகும்போது கலவையின் வெப்பநிலை இருபது டிகிரி வரைகூட இறங்கக்கூடும். வெளியே எட்டு டிகிரி என்றால் உள்ளே உறைநிலைக்குக் கீழே. மூடுபனிக் காற்றின் ஒரு கன மீட்டரில் எட்டு, ஒன்பது கிராம் நீராவி இருக்கும். மிதமான வேகத்தில் ஓடும் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்றிழுக்கும். பத்து நிமிடத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகக் கார்புரேட்டரைக் கடந்துபோகிறது. அதில் ஒரு சிறு பங்கு உறைந்து ஒட்டினாலும் காற்றுப்பாதையின் குரல்வளை நெரியும்.

அந்த மூடுபனியில் வண்டியை நிறுத்தியது ஐஸ்! இன்ஜினின் சூடு மெல்ல மேலேறி ஐஸை உருக்க, ஒரு கோப்பை காபி நேரத்தில் தடயம் அழிந்துவிட்டது. கொட்டும் பனிக்காலத்தை விட ஈரமான ஐந்து, பத்து டிகிரி நாள்களில்தான் இது அதிகம் நடக்கும். கடுங்குளிர்க் காற்று காய்ந்தது. உறைய அதில் தண்ணீர் போதாது.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கார்புரேட்டருக்கு நேர் கீழே ஒரு மெல்லிய குழாயை ஓட்டி, சைலன்சருக்குப் போகும் சூடான புகையில் கொஞ்சத்தை அதன் வழியே திருப்பிவிட்டார்கள். புகையால் கார்புரேட்டருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அதோடு, இன்ஜினைச் சுற்றிச் சூடான காற்றை ஏர் ஃபில்டருக்குள் விடும் ஒரு கதவும் உண்டு. ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் அந்தப் புகைக்குழாய் கரி அடைத்துக் கிடக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் அந்தக் குழாய் குளிர்ந்தே இருந்தால் நோய் அதுதான். பழைய இரும்புக் கேபிள் துண்டை ட்ரில்லில் மாட்டி உள்ளே சுழலவிட்டுக் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். பளபளப்பான புது ஏர் ஃபில்டர் வாங்கி மாட்டி, பழையதை அதன் சூட்டுக் குழாயோடு தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு குளிரில் வண்டி நிற்கிறது என்று புலம்புகிறவர்களும் உண்டு.

கார்புரேட்டரின் வயிற்றுப் பகுதி நமக்கெல்லாம் பழகியது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் மிதவை மேலேறியதும் தண்ணீர் நிற்கிறதல்லவா? இங்கும் பெட்ரோல் கிண்ணத்தில் ஒரு மிதவை, அதன் தலையில் ஊசி வால்வு. தொட்டியில் மிதவை கெட்டால் தண்ணீர் வழியும். இங்கே பெட்ரோல் வழியும். ஊசியின் நுனியில் ஒரு துகள் சிக்கினாலே போதும். கார்புரேட்டர் மூடியில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டும் மெக்கானிக்கைப் பார்த்து நாம் சிரித்திருப்போம். அந்தத் தட்டு ஊசியை விடுவிக்கும் வைத்தியம்.

கேம்பர் வேனுக்கென்றே ஒரு தனி வியாதி இருக்கிறது. அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். கோடையில் சில வாரம் பயணம், பிறகு மாதக்கணக்கில் உறக்கம். கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசுபிசுப்பான பழுப்புப் படலத்தை விட்டுப்போகும். முதலில் அடைபடுவது, வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஐடில் ஜெட். ஜெட் என்பது நடுவே துளையிட்ட சிறு பித்தளைத் திருகு. அதில் பொறித்துள்ள எண் துளையின் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். 55 என்றால் 0.55 மில்லிமீட்டர். அது அடைத்துக்கொண்டால் வண்டி சாலையில் நன்றாக ஓடும், சிக்னலில் நின்றதும் அணைந்துபோகும். அடைப்பு எடுக்கக் கம்பியைவிட்டுக் குத்துவதைப்போல் ஒரு பாவம் கிடையாது. மெயின் ஜெட்டில் 127.5க்கு அடுத்தது 130. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் துளையின் பரப்பு நான்கு சதவீதம் கூடிவிடும். நாம் குத்தும் கம்பி ஒரு கீறல் போட்டாலே கணக்கு கெடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும்தான் சரி.

இங்கே ஒரு சங்கடம். காற்றின் வேகம் கூடக்கூட, வெஞ்சுரி மட்டும் தனியாக இருந்தால் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டிவிடும். கலவை கொழுத்துவிடும், அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல். இதற்குத் தீர்வாகப் பெட்ரோல் வரும் வழியில் பக்கவாட்டில் துளைகள் போட்ட ஒரு நுரைக்குழலை வைத்தார்கள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துப் பாருங்கள், பாதி காற்றுதான் வாய்க்கு வரும். இன்ஜின் வேகமெடுக்கும்போது குழலைச் சுற்றிய பெட்ரோல் மட்டம் இறங்கும், துளைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், பெட்ரோலோடு காற்றும் நுழைந்து நுரையாகி, மிகுதி அடங்கிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் நடக்கும் திருத்தம் இது. எனக்கு இந்தக் கருவியிலேயே பெரிய அதிசயம் இந்தத் துளைகள்தான்.

திடீரென்று மிதிக்கும்போது வேறொரு சிக்கல். காற்று இலேசானது, உடனே பாயும். பெட்ரோல் கனம், தயங்கும். அந்த அரைநொடி இடைவெளியை நிரப்ப, மிதியோடு இணைந்த ஒரு ரப்பர் சவ்வு சிரிஞ்ச்போல் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மிதித்ததும் வண்டி ஒரு கணம் முக்கிவிட்டுப் பிறகு கிளம்பினால், சவ்வு காய்ந்து விறைத்துவிட்டது என்று பொருள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலேட்டர் நெம்புகோலை அசைத்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய தாரை பாய்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகக் கொழுத்த கலவை வேண்டும். அதற்குத்தான் சோக். நம் பழைய ஸ்கூட்டர்களில் கையால் இழுத்ததை இந்த வேனில் ஓர் ஈருலோகச் சுருள் செய்கிறது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் அது. சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு மின்சூடேற்றி அதைச் சூடாக்க, சுருள் மெல்ல வளைந்து சோக் கதவைத் திறக்கும். அதன் வயர் கழன்றால் கதவு மூடியே கிடக்கும். கரும்புகை வரும், பெட்ரோல் குடிக்கும், பிளக்கில் கரி அப்பும். பக்கத்திலேயே இன்னொரு மின்வால்வு இருக்கிறது. சாவியை அணைத்த பிறகும் சூட்டில் இன்ஜின் தானாகத் துள்ளி ஓடாமலிருக்க ஐடில் பாதையை அடைப்பது அதன் வேலை. அதன் வயர் கழன்றால் வண்டி நின்ற நிலையில் உறுமாது. இரண்டுமே ஒரு கிளிப்பைத் திரும்ப மாட்டினால் சரியாகிற கோளாறுகள். இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கலவை மெலிந்தால், அதாவது பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று புகுந்தால், காற்றால் குளிரும் இந்த இன்ஜினுக்கு அது ஆபத்து. சூடேறி வால்வு கருகும். காற்று திருட்டுத்தனமாக நுழைவது பெரும்பாலும் கார்புரேட்டருக்குக் கீழே, வெடித்துப்போன ரப்பர் இணைப்புகள் வழியாக. அல்லது, அரை நூற்றாண்டு சுழன்று தேய்ந்த, த்ராட்டில் என்ற காற்றுக் கதவின் தண்டு ஓரமாக. இன்ஜின் ஓடும்போது சந்தேகமான இடத்தில் தண்ணீரை மென்மையாகப் பீய்ச்சிப் பாருங்கள். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டர் மீது படவேண்டாம். ஓட்டத்தின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கிளீனர் ஸ்ப்ரேயால் இதைச் செய்கிறவர்கள் உண்டு. சூடான இன்ஜின்மேல் எரியும் திரவம் தெளிக்க எனக்கு மனம் வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் கார்புரேட்டரில் கோளாறே இருக்காது. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் அதன் திருகைக் கடைசியில்தான் தொடுவார்கள். முதலில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளின் டேப்பட் இடைவெளி, 0.15 மில்லிமீட்டர். பிறகு டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி, 0.4 மில்லிமீட்டர், நான்கு ஜெராக்ஸ் தாளின் கனம். பிறகு தீப்பொறியின் டைமிங். இந்த மூன்றும் சரியானதும் பாதி நோய் தீர்ந்திருக்கும்.

வேன் வாங்கிய முதல் நாள் செய்ய வேண்டியது இவற்றில் எதுவுமில்லை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரப்பர் குழாயைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் நிரப்புவதிலும் 20 சதவீதம் எத்தனால்தான். குழாய் கசிந்தால் பெட்ரோல் சொட்டுவது, தீப்பொறி பறக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் இருக்கும் அதே சின்ன அறைக்குள். இந்த வேன்கள் பல பின்பக்கம் தீப்பிடித்து எரிந்துபோனது இப்படித்தான். குழாய், கிளாம்ப், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள். ஃபில்டரை இன்ஜின் அறைக்கு வெளியே வையுங்கள். அதன் பிறகு முதல் பயணம் கிளம்புங்கள்.