வி.சி.ஆர். ஒலிப்பதிவுக் கோளாறுகள்

வி.சி.ஆர். ஒலிப்பதிவுக் கோளாறு என்பது, வீடியோ கேசட் ரெக்கார்டரில் படம் சரியாகப் பதிவாகியும் ஒலி பதிவாகாமல் போவதையோ, மங்கலாகவோ சிதைந்தோ பழைய ஒலியுடன் கலந்தோ பதிவாவதையோ குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இக்கருவி ‘டெக்’ எனப்பட்டது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். முறையே பின்னர் பெருவழக்காயிற்று. இந்தியாவில் 1982-ல் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதை ஒட்டிய ஆண்டுகளில் டெக்கும் பரவியது. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியபின் புதிய கருவிகள் வருவதில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் வட்டார வீடுகளில் எஞ்சியிருப்பவையும் பழைய கருவிகளே.

இக்கோளாறுகளை அறிந்துகொள்வது பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. கொங்கு வேளாளர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடப்படுவது மரபு. 1980களிலும் 1990களிலும் எடுக்கப்பட்ட திருமண வீடியோக்களில் அப்பாடலும், மறைந்த பெரியவர்களின் குரல்களும் உள்ளன. பழுதான கருவியைச் சோதிக்க அத்தகைய நாடாவில் ‘ரெக்கார்டு’ பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும், அந்த இடத்தில் உள்ள ஒலி அழிந்துவிடும். அதை மீட்க வழியில்லை.

ஒலி பதிவாகும் முறை

வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மி.மீ. படம் நாடாவின் நடுப்பகுதியில், சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்களால் சாய்ந்த கோடுகளாகப் பதியும். ஒலியோ நாடாவின் மேல் விளிம்பில், அசையாத தனி ஹெட்டால் நேர்கோடாகப் பதியும். மோனோ கருவியில் இத்தடத்தின் அகலம் 1 மி.மீ. மட்டுமே. கீழ் விளிம்பில் கட்டுப்பாட்டுத் தடம் உள்ளது. படமும் ஒலியும் வெவ்வேறு ஹெட்களால் பதிவாவதால்தான் படம் நன்றாக இருக்கும்போதே ஒலி மட்டும் கெட்டுப்போகிறது.

இந்தியாவில் வழங்கும் பால் முறையில் நாடா நொடிக்கு 23.39 மி.மீ. நகரும். பாட்டு கேசட்டின் வேகமான 47.6 மி.மீ.-இல் இது ஏறத்தாழப் பாதி. எல்.பி. முறையில் இது மேலும் பாதியாகக் குறையும். வேகம் குறையக் குறைய உச்ச ஒலிகள் மங்கும். ஹெட்டில் படியும் சிறிதளவு அழுக்கும் காதுக்குத் தெரியும்.

நாடா முதலில் முழு அழிப்பு ஹெட்டையும், பின்னர் டிரம்மையும், இறுதியில் ஒலி ஹெட்டையும் கடக்கிறது. பழைய பதிவை அழிக்கவும் புதிய ஒலியைச் சிதைவின்றிப் பதிக்கவும், ‘பயாஸ்’ எனப்படும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் தேவை. இது பெரும்பாலும் 60 முதல் 70 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்.

பழுது எந்தப் பக்கம்?

ஒலி கேட்கவில்லை என்றால் பதிவில் பழுதா, இயக்கத்தில் பழுதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதற்கு மூன்று சோதனைகள் போதும்.

1. நன்றாக ஒலிக்கும் என்று தெரிந்த, இழந்தாலும் கவலையில்லாத ஒரு திரைப்படக் கேசட்டை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒலி தெளிவாக வந்தால் ஒலி ஹெட்டும் இயக்கச் சுற்றும் நலமாக உள்ளன எனலாம். பதிவுக்கும் இயக்கத்துக்கும் ஒரே ஒலி ஹெட்டே பயன்படுவதால், பழுது பதிவுச் சுற்றிலோ உள்ளீட்டிலோ இருக்கும்.

2. வேறொரு பழைய கேசட்டில் சில நிமிடங்கள் பதிவு செய்து, உடனே இயக்கிப் பார்க்க வேண்டும். பதிவாகும் நேரத்தில் தொலைக்காட்சியில் ஒலி கேட்பது சான்றாகாது. உள்ளே வரும் ஒலியே அப்போது நேராக வெளியே செல்கிறது; அது நாடாவைத் தொட்டதா என்பது இயக்கிய பிறகே தெரியும்.

3. அதே பதிவை, கிடைத்தால், இன்னொரு டெக்கிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளீட்டுப் பிழைகள்

கருவியைத் திறப்பதற்கு முன் இணைப்புகளைச் சரிபார்ப்பது நல்லது. செட்டாப் பாக்ஸிலிருந்து வயர் கொடுத்திருந்தால் டெக்கில் ‘ஏ.வி.’ அல்லது ‘லைன்’ உள்ளீடு தேர்வாகியிருக்க வேண்டும். ஒரே ஒலித் துளை கொண்ட மோனோ கருவியில் வெள்ளை நிற வயரை இணைப்பது வழக்கம். பாக்ஸின் ஒலி அளவு மிகக் குறைவாக இருந்தால் டெக்கின் தானியங்கி அளவுச் சுற்று அதைப் பெருக்கும். அதனுடன் இரைச்சலும் பெருகும்.

ஆன்டெனா வழியே மட்டும் ஒலி வராமல், ஏ.வி. வழியே வந்தால் கருவி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் பால்-பி முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். பிரிட்டன், ஹாங்காங் ஆகியவற்றின் பால்-ஐ முறையில் அது 6 மெகாஹெர்ட்ஸ். அங்கிருந்து கொண்டுவந்த டெக்கில் படம் தெளிவாக வந்தும் ஒலிக்குப் பதில் இரைச்சலே வருவது இதனால்தான். இது பழுது அன்று.

அறிகுறிகளும் காரணங்களும்

பழைய ஒலியுடன் புதிய ஒலி கலத்தல்: புதிய ஒலி தெளிவாக இருந்தால் அழிப்பு ஹெட்டிலோ அதன் இணைப்பிலோ பழுது இருக்கலாம். புதிய ஒலி மெலிந்து சிதைந்தும், படத்தில் வண்ணக் கீற்றுகள் தோன்றியும் இருந்தால், பயாஸ் மின்னோட்டத்தை உண்டாக்கும் அலையியற்றி நின்றுபோயிருக்கலாம்.

ஒலி மங்குதல்: ஹெட்டில் படிந்த அழுக்கே பொதுவான காரணம். துடைத்த பின்னும் திரைப்படக் கேசட்டுகள் மங்கி ஒலிக்க, சொந்தப் பதிவு மட்டும் தெளிவாக இருந்தால் ஒலி ஹெட்டின் சாய்வு மாறியுள்ளது என்று பொருள். அந்தப் பதிவை வேறு டெக்கில் போட்டால் அங்கே மங்கி ஒலிக்கும்.

ஒலி ஆடுதல்: நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகிவிட்டால் வேகம் சீராக இராது. நாதசுர இசையில் இது உடனே தெரியும்.

‘உம்’ என்ற முரல் ஒலி: மின் வழங்கியில் உள்ள கெப்பாசிட்டர் உலர்ந்துபோனாலோ வயரின் உறை இணைப்பு விட்டுப்போனாலோ இது தோன்றும். பல்லடம், சோமனூர் போன்ற ஊர்களில் விசைத்தறியும் வீடும் ஒரே மின் இணைப்பில் இருந்தால் மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் கேட்கும் ‘டிக்’ ஒலியை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படபடவென்ற இரைச்சல்: ஹைஃபை கருவிகளில் ஒலி டிரம்மில் உள்ள ஹெட்களாலும் பதிவாகிறது. ‘நார்மல்’ தடத்துக்கு மாற்றியதும் இரைச்சல் நின்றால் ஹைஃபை ஹெட்டில் அழுக்கோ தேய்மானமோ உள்ளது.

துடைத்தலும் திருத்தலும்

மின் இணைப்பை நீக்கிச் சிறிது நேரம் கழித்தே மூடியைத் திறக்க வேண்டும். மின் வழங்கியின் பெரிய கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அசையாத ஒலி ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். டிரம்மைப் பஞ்சுக்குச்சியால் தொடக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் அதன் நுண்ணிய ஹெட் உடைந்துவிடும்.

ஒலி ஹெட்டும் கட்டுப்பாட்டுத் தடத்தின் ஹெட்டும் ஒரே கட்டையில் அமைந்துள்ளன. அதன் திருகைத் தவறாகத் திருப்பினால் ஒலியோடு படமும் கெடும். எனவே முதலில் திருகின் நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, சாய்வுத் திருகை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

நாடாவைக் காத்தல்

வால்பாறை போன்ற மழை மிகுந்த இடங்களில் வைத்திருந்த கேசட்டுகளில் வெள்ளைப் பூசணம் பிடிப்பதுண்டு. அதை அப்படியே இயக்கினால் ஹெட் அடைபடுவதுடன் அடுத்த கேசட்டுக்கும் பூசணம் பரவும். நாடாவின் மேல் விளிம்பு மடங்கினால் முதலில் கெடுவது ஒலியே.

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டால் அதில் பதிவு செய்ய இயலாது. திருமணக் கேசட்டை டெக்கில் போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

சில திருமண வீடியோக்களில் ‘ஆடியோ டப்’ வசதியால் நேரடி ஒலிக்கு மேல் திரைப்படப் பாடல்கள் பதியப்பட்டன. அவ்வசதி விளிம்புத் தடத்தை மட்டுமே மாற்றும். மூலப் பதிவு ஹைஃபை கருவியில் எடுக்கப்பட்டிருந்தால், ஹைஃபை தடத்தில் மங்கல வாழ்த்து இன்னும் இருக்கக்கூடும். ஹைஃபை டெக் ஒன்றில் இயக்கிக் கேட்டுப் பார்த்த பிறகே அந்த ஒலி போய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டும்.