ஓவன் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டும்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். கத்திரி வெயிலில், கடற்காற்று ஏறும்வரை வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி தாண்டிவிடும். சாக்லேட்டுக்கு உருவம் கொடுக்கும் கோகோ வெண்ணெயோ சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நாக்கில் கரைய வேண்டியது அங்கே தட்டிலேயே கரைகிறது.

அடுக்கு சாக்லேட் பாரை அடுப்பில் வேகவைப்பதில்லை என்பதால் இது முக்கியம். அடியில் மேரி பிஸ்கட் தூளும் வெண்ணெயும், நடுவில் இனிப்புக் க்ரீம், மேலே சாக்லேட். மாவு வெந்து இறுகும் கேக் போல இல்லை. மூன்று அடுக்கையும் நிறுத்துவது உறைந்த கொழுப்புதான். இந்த வகையில் பேர்போனது கனடாவின் நனைமோ பார். நனைமோ ஊர் மருத்துவமனையின் மகளிர் துணைக்குழு 1952-ல் போட்ட சமையல் புத்தகத்தில் அதன் பழைய குறிப்புகள் இருக்கின்றன. நனைமோவும் கடலோர ஊர்தான். ஆனால் அங்கே கோடை நடுப்பகலிலேயே சுமார் 25 டிகிரிதான். அங்கே எழுதிய குறிப்பை அப்படியே இங்கே செய்தால் கூழ்தான் மிஞ்சும்.

கோகோ வெண்ணெய் ஒரு விசித்திரமான கொழுப்பு. ஒரே பொருள் ஆறு விதமாகப் படிகமாகும் என்று வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966-ல் வரிசைப்படுத்தினார்கள். முதல் வகை 17 டிகிரியிலேயே உருகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது: பளபளப்பு, உடைத்தால் ‘டக்’கென்று சத்தம். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 27-க்கு ஆறவிட்டு, மறுபடி 31-க்கு ஏற்றினால் அது கிடைக்கும். அறையே 35 டிகிரி என்றால் 27-க்கு எங்கே போவது? அவசரமாக ஃப்ரிட்ஜில் தள்ளினால் நிலையில்லாத படிகங்கள் உருவாகி, சில நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும். பூசணம் இல்லை, கொழுப்புதான், தாராளமாகத் தின்னலாம்.

நம்மூரில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்கள் ‘காம்பவுண்ட்’ சாக்லேட் கட்டி வாங்குவதன் காரணம் இதுதான். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏற்றிய பனங்கொட்டை எண்ணெய் இருக்கும். உருக்கி ஊற்றினால் போதும், இந்த ஏற்ற இறக்கமெல்லாம் வேண்டாம். ருசியில் மெழுகு தட்டும் என்பதை மறைக்க முடியாது. ஆனாலும் மே மாதத்து எண்ணூரில் நான் அதன் பக்கம்தான்.

உருக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவி ஒரு சொட்டு விழுந்தாலும் காரியம் கெட்டது. சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ள, மொத்தமும் மணல்போலத் திரண்டுவிடும். கடைசியிலும் ஈரம்தான் எதிரி. பாரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கடற்காற்றின் ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். நீரில் கரைந்த சர்க்கரை காய்ந்ததும் சொரசொரப்பாகும். டப்பாவை மூடியபடியே குளிர் தணியவிடச் சொல்வார்கள். இங்கே குளிர் தணிந்தால் பாரும் இளகிவிடும். வெட்டியதும் தின்றுவிடுங்கள்.

வெட்டும்போது மேலடுக்கு நொறுங்கி நடு க்ரீம் பிதுங்கினால், அடுத்த முறை சாக்லேட்டோடு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலக்கலாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறையும் அதே எண்ணெய்தான். 25 டிகிரி வாக்கில் உருகுவதால் மேலடுக்கை இளக்கும். கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்துவிட்டு அழுத்தினால் மூன்று அடுக்கும் நேராக வரும்.