கருப்பையில் தழும்பு: மீண்டும் துளிர்க்குமா?

அமாவாசை இரவு. செஞ்சிக்கு வடக்கே உள்ள மேல்மலையனூரில் எங்கு பார்த்தாலும் தலைகள்தான்! நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். கூட்டத்தில் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்களும் உண்டு.

இப்படிப்பட்ட பெண்களை ஊர் "மலடி" என்று ஏசுகிறது. ஆனால், குறை கணவனிடம் இருக்கலாம். அல்லது, கருப்பைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தழும்பு இருக்கலாம். தழும்பு நோய்தான், தலைவிதி அல்ல.

தழும்பு எப்படி வருகிறது?

கருப்பையின் உட்புறத்தில் மெத்தை போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. கரு வந்து ஒட்டி வளர்வது அதில்தான். கரு தங்காத மாதத்தில் சவ்வின் மேற்பகுதி உதிர்ந்துவிடும். அதுவே மாதவிலக்கு. அறுத்த புல் வேரிலிருந்து துளிர்ப்பது போல, அடிப்பகுதியிலிருந்து புதிய சவ்வு வளரும்.

வேரே போய்விட்டால்?

கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது சில சமயம் அடிப்பகுதியும் சேதமாகிறது. காசநோய்க் கிருமியும் அதைக் கெடுக்கிறது. காசம் நுரையீரலை மட்டும் தாக்கும் நோய் அல்ல. நம் நாட்டில் கருப்பைத் தழும்புக்கு அது ஒரு முக்கிய காரணம்.

தழும்பு விழுந்தால் கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு குறையும், நின்றும் போகும். 1948-ல் இதை விரிவாக எழுதியவர் டாக்டர் ஜோசப் ஆஷர்மன். அவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

அகமதாபாத்தில் ஒரு முயற்சி

குஜராத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் முற்றியிருந்தது. அகமதாபாத் டாக்டர்கள் நாகோரி, பஞ்சால், படேல் மூவரும் ஒரு புது வழியைத் தேடினார்கள்.

அந்தப் பெண்ணின் எலும்பு மஜ்ஜையை எடுத்தார்கள். அதிலிருந்து "ஸ்டெம் செல்" என்னும் மூல உயிரணுக்களைப் பிரித்தார்கள். அவற்றைக் கருப்பைக்குள் வைத்து, ஹார்மோன் மருந்தும் கொடுத்தார்கள். சவ்வு 8 மில்லிமீட்டர் வளர்ந்தது! பிறகு சோதனைக் குழாய் முறையில் கருவை வைத்தார்கள். கருவின் இதயம் துடிப்பதை ஸ்கேனில் கண்டார்கள். 2011-ல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளியாயிற்று.

2016-ல் ஸ்பெயின் நாட்டு டாக்டர்களும் 16 பெண்களுக்கு இத்தகைய சிகிச்சை செய்த முடிவை வெளியிட்டார்கள். சிலர் கருவுற்றனர். சிலருக்குக் கரு தங்கவில்லை.

ஏமாற வேண்டாம்!

இது இன்னும் ஆராய்ச்சிதான். அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே இதைச் செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. "லட்சம் கொடுங்கள், ஸ்டெம் செல் போடுகிறோம், குழந்தை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

கைகண்ட வழி வேறு இருக்கிறது. மெல்லிய குழாய்க் கருவியைக் கருப்பைக்குள் செலுத்தித் தழும்பை நேரில் பார்க்கலாம். அப்போதே வெட்டி நீக்கலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. லேசான தழும்பாக இருந்தால் பலர் தாயாகிறார்கள். காசம் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கு மருந்து இலவசம்.

எனவே, மாதவிலக்கு திடீரென்று குறைந்தால் காலம் கடத்தக் கூடாது. அம்மனிடம் வேண்டிக்கொள்ளும் பெண் டாக்டரிடமும் போகட்டும். கணவனும் கூடவே போகட்டும். பரிசோதனை இருவருக்கும்தான்!