உட்காரும் கூட்டம், நிற்கும் கூட்டம்

பாடகர் காம்போதியை விரித்துக்கொண்டே இடது கை ஆள்காட்டி விரலை இரண்டு முறை மேலே ஆட்டுகிறார். அரங்கின் கடைசியில் மேஜைக்குப் பின்னால் இருக்கும் மைக்காரருக்கு அது போதும், தம்பூராவை ஏற்றுகிறார். அடுத்து வயலின்காரர் காதைத் தொட்டுக் காட்டுகிறார். மிருதங்கக்காரர் வாத்தியத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒரு தட்டுத் தட்டி உதட்டைப் பிதுக்குகிறார். முதல் வரிசை மாமா ஒருவர் திரும்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி, குறைக்கச் சொல்கிறார். முத்திரை பரதநாட்டியத்துக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது? மார்கழி சீசனில் ஏதாவது ஒரு சபாவில் மைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துப் பாருங்கள். சாகித்யம் புரியாவிட்டாலும் இந்த ஊமைக்கூத்து புரியும்.

எனக்கு அந்த நாற்காலி பிடிக்கும். ராகம், தாளம், பாணி, குரல்வளம் என்று எழுதியே இசை விமர்சகர்களான எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பாட்டு எந்த இடத்தில் கேட்டது, கூட்டம் உட்கார்ந்திருந்ததா நின்றிருந்ததா என்பதையெல்லாம் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் நாங்கள் எழுதுவதில்லை. ஆனால் மார்கழியிலிருந்து தை வரைக்கும் சென்னையில் சபா, மீனவர் குப்பம், பள்ளி மைதானம், மாடியறை என்று அலைந்தால் ஒன்று தெரிகிறது. இந்த ஊரில் ஓர் இசை இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோகும்போதெல்லாம் புதிதாக ஏதோ பிறந்திருக்கிறது.

காலங்காலமாக இப்படித்தான் என்று நாம் நம்பும் சபாக் கச்சேரியே அப்படிப் பிறந்ததுதான். கோயிலிலும் அரண்மனையிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் நடந்துவந்த பாட்டு, சென்னையில் டிக்கெட் வாங்கியவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. 1927இல் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடியபோது இசை மாநாடும் சேர்ந்து நடந்தது. அதன் விளைவாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி தொடங்கியது. பல்லவியை மணிக்கணக்கில் இழுத்த காலம் போய், வர்ணத்தில் தொடங்கி, சிறு கீர்த்தனைகள் வழியாக ராகம் தானம் பல்லவிக்கு ஏறி, துக்கடாவில் இறங்கும் வரிசையை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தினார். மாலையில் வந்து உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டியவர்களுக்குப் பொருந்திய அளவு அது. அதே ஊரில் அதே காலத்தில் ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கிக் கேட்க வேண்டிய மெல்லிய நாதம் என்பார்கள். ஒரு கூடத்துக்குள் அடங்கிய அந்த இசையை ஆயிரம் நாற்காலி போட்ட மண்டபம் எப்படித் தாங்கியிருக்கும்?

மண்டபம் பெரிதானதும் மைக் வந்தது. மைக் வந்ததும் குரல் இறங்கியது. அதற்கு முன் ஆண்களும் நான்கு, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. 1933இல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டால் அந்த உலகம் புரியும். நாடகக் கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கு எறிந்த குரல் அது. இன்றைய வித்வான்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் நிற்கிறார்கள். அந்தத் தாழ்ந்த சுருதியில் நுணுக்கமான கமகம் பேசும், முணுமுணுப்பும் எட்டும். சுத்தமான பழைய சங்கீதம் என்று நாம் தலையாட்டுவதில் பாதிக்கு மேல் மைக் கொடுத்த சீதனம். மைக்கைத் திட்டுகிற ரசிகர்களை எனக்குத் தெரியும். அவர்களும் மைக்கில் கேட்டுத்தான் ரசிகர்களானார்கள்.

நாகஸ்வரத்தின் கதை இன்னும் சுவாரசியம். வீதியுலாவில் நடந்துகொண்டே, திறந்தவெளியில், நாலு தெருவுக்குக் கேட்க வாசித்த வாத்தியம். திமிரி என்ற குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரம் அதற்கென்றே அமைந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மேடைக்கும் வானொலிக்கும் வந்தபோது அந்தக் கூர்மை உறுத்தியது. நரசிங்கம்பேட்டைக் கைவினைஞரின் துணையோடு நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுருதிக்காக ஊதும் ஒத்துக்குப் பதில் தம்பூராவை வைத்துக்கொண்டார். இன்று கச்சேரி மேடையில் கேட்பதெல்லாம் பாரிதான். நின்று, நடந்து வாசித்த வாத்தியம் உட்கார்ந்ததும் அதன் உடம்பே மாறிவிட்டது.

உட்காரும் கூட்டத்துக்குத் தனி ஒழுக்கம் உண்டு. கையில் தாளம் போடலாம், நாக்கால் 'ச்சு' கொட்டலாம், பக்கத்து இருக்கைக்கு ராகத்தின் பெயரைக் கிசுகிசுக்கலாம். தப்பாகச் சொன்னாலும் மன்னிப்பு உண்டு. கூடவே பாடக் கூடாது. ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீன் பக்கம் நகரும். மிருதங்கக்காரரும் கடக்காரரும் வருடம் முழுக்கச் செய்த கணக்கைக் கொட்டுகிற பத்து நிமிடம் அது. அந்த நேரத்தில் கீரை வடைக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வடை நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

மிருதங்கத்தைச் சொன்னதால் தோலையும் சொல்லிவிடலாம். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்ததுதான் மிருதங்கம். அதைச் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கை ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. பறையும் மாட்டுத் தோல்தான். ஒன்று சபாவில் பட்டு விரிப்பின்மேல் உட்கார்ந்தது, இன்னொன்றைச் சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்தோம். நிறுத்தி வைத்தவர்கள் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

அந்த வாசலிலிருந்துதான் கானாவும் வந்தது. வட சென்னையில், ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும், ஒருவர் இறந்தால் இரவு முழுக்கப் பாடுவார்கள். டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் கைக்குக் கிடைத்த தகரமும் தீப்பெட்டியும் தாளம். போனவரின் பெருமையும் குடும்பத்தின் கதையும் பாட்டுக்குள் வரும். கேட்பவர்கள் ஷாமியானாவுக்குக் கீழே விடிய விடிய இருப்பார்கள். அழுவார்கள், நடுவில் சிரிப்பார்கள், பாடகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். சினிமா இதை அவ்வப்போது இரவல் வாங்கிக்கொண்டது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியபோது ஊரே முணுமுணுத்தது. ஆனால் அது திரைக்குள் இருந்த கானா. அதன் சொந்தக்காரர்கள் தங்கள் மேடையில், தங்கள் பெயரில் நிற்க இன்னும் பன்னிரண்டு வருடம் ஆனது.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்று முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். பத்தொன்பது பேர், கோட் சூட் போட்டு வந்தார்கள். பறை, சட்டி, டோலக் ஒரு பக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் மறுபக்கம். முன்னால் கானாப் பாடகர்களும் அறிவு என்ற ராப் பாடகரும். ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. சாவு வீட்டில் சுற்றி உட்கார்ந்து கேட்ட கானா அன்று எழுந்து நின்றது. நின்றதும் அதன் வேகம் ஏறியது, வரிகள் சுருங்கின, ஒரே சொல் பல்லவியாகத் திரும்பித் திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கானவர் ஒன்றாகச் சொல்லத் தோதாக. குழுவின் ஒரே பெண் பாடகியான இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் அவர் நின்ற இடம் அப்படி. அந்த ஆண்டு டிசம்பரில்தான் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. மார்கழி யாருடைய மாதம் என்ற கேள்வி அந்தத் தலைப்பிலேயே இருந்தது.

சபாக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீன் வலை காயும் மணலில் ஒரு விழா தொடங்கியது. கர்நாடகப் பாட்டும் பறையாட்டமும் ஒரே பந்தலில். அங்கே போய்க் கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன ஒன்று உண்டு: கடல் சும்மா இருக்காது. ஏசி மண்டபத்தில் தம்பூராவின் அமைதிக்குள் தொடங்கும் ஆலாபனை, அங்கே அலைக்கும் குழந்தைகளின் ஓட்டத்துக்கும் நடுவே தொடங்க வேண்டும். பாடுபவருக்கு அது சுலபமில்லை. குப்பத்து மக்களுக்குக் கர்நாடக இசையைக் கொடுக்கப் போகிறோம் என்ற தொனியில் சிலர் பேசியது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. கொடுத்ததைவிட அந்த இடத்திலிருந்து பாடகர்கள் வாங்கிக்கொண்டது அதிகம் என்பது என் கணக்கு.

பறை அரங்குக்குள் வரும் எதிர்த்திசைப் பயணத்துக்கும் விலை உண்டு. பறையை அடிப்பதற்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அனல் காட்ட வேண்டும். தோல் இறுகினால்தான் அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் சத்தம் பிரியும். மார்கழிப் பனியில் தோல் சீக்கிரம் தொய்யும், அடிக்கடி காய்ச்ச வேண்டும். மூடிய அரங்கில் நெருப்பு மூட்ட யார் விடுவார்கள்? அதனால் பல குழுக்கள் பிளாஸ்டிக் தோல் போட்ட பறைக்கு மாறிவிட்டன. காய்ச்ச வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. சத்தம் கூர்மை, ஆனால் அடிவயிற்றில் இறங்கும் அந்தக் கனம் கொஞ்சம் குறைவு. ராஜரத்தினம் பிள்ளையின் திமிரிக்கு நேர்ந்ததுதான் இதற்கும்.

கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரியை விட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மின்கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பாட்டு, நோட்டைப் பார்த்தே பாடும் பாடகி. அங்கே புதுமைக்குப் பாராட்டு கிடையாது. 'அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு' என்பதுதான் உச்சப் பட்டம். புல்லாங்குழல் பிட்டு ஒன்று தவறினால் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து விசில் பறக்கும். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் பாடிய இளையராஜா அந்தத் திறந்தவெளிப் பள்ளியில் வளர்ந்தவர். இன்றும் மேடையில் ஒரு சுரம் பிசகினால் நிறுத்தி, மறுபடி தொடங்கச் சொல்வார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்த அரங்கம், 1932இல் சினிமா மாளிகையாகத் திறக்கப்பட்ட கட்டடம். திட்டமிட்டார்களோ இல்லையோ, பொருத்தம்.

நிற்கும் கூட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பர் 10 காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி. டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே பொதுவில் கேட்டுக்கொண்டார். ஒலி, ஒளி எல்லாம் வளர்ந்துவிட்ட ஊரில், மனிதர் வந்து நிற்கவும் வெளியேறவும் வழி போடும் வேலை அந்த வேகத்தில் வளரவில்லை.

இப்போது வரும் புதுப் பாட்டுக்கு இடமே வேண்டாம்போல் ஒரு தோற்றம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்தபோது ஊரடங்கின் நிழல் போகவில்லை. கோடிக்கணக்கானோர் அதைக் கைப்பேசியில்தான் கேட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் கதை அதற்குள் இருப்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2024இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' எந்தப் படத்திலும் இல்லாமலே கல்யாண ரிசப்ஷன் வரை போனது. அந்தக் காலத்தில் மேடையில் பெயர் வாங்கியவருக்கு இசைத்தட்டு கிடைத்தது. இப்போது படுக்கையறையில் லேப்டாப்பில் செய்த பாட்டு முதலில் பரவுகிறது, மேடை பிற்பாடு வருகிறது. அதனால் பாடகர் மேடையேறும்போது கூட்டத்துக்கு எல்லா வரியும் மனப்பாடம். அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார், கூட்டம் பாடுகிறது. லேப்டாப்பில் ஓடும் பதிவும் சேர்ந்து பாடுகிறது. எது யார் குரல் என்று மைக்காரருக்கு மட்டும் தெரியும்.

போன தை மாதம் ஒரு மாடியறையில் அப்படி ஓர் இரவு. இருநூறு பேர் இருக்கலாம், எல்லோரும் நின்றபடி. என் முழங்காலுக்குத்தான் கஷ்டம். மூன்றாவது பாட்டில் லேப்டாப் நின்றுவிட்டது. பேஸ் போயிற்று, சின்த் போயிற்று. பாடிய பையன் திரும்பிப் பார்த்தான், முகத்தில் ரத்தமில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற பறைக்காரர் அதுவரை அலங்காரத்துக்கு வந்தவர்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்துக்கொண்டிருந்தார். இப்போது பறையை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றினார். சரணத்தைக் கூட்டம் எடுத்துக்கொண்டது, கொஞ்சம் சுருதி தாழ்ந்து. பையன் மைக்கைக் கீழே விட்டுவிட்டு, வெறும் குரலில், தொண்டை புடைக்கப் பாட ஆரம்பித்தான். சாதாரணமாக இரண்டு கட்டையில் முணுமுணுப்பவன், கடைசிச் சுவருக்குக் கேட்க வேண்டி எங்கேயோ ஏறிப்போனான். நான் இருந்த மூலைக்குக் கேட்டது.

நான்கைந்து நிமிடம் இருக்கும். ஓரத்தில் குனிந்திருந்த நண்பர் லேப்டாப்பை உயிர்ப்பித்துவிட்டார். பதிவு முதலிலிருந்து, பளபளவென்று, மிகச் சரியான சுருதியில் ஆரம்பித்தது.

'யோவ், அத்த நிறுத்துய்யா!' என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.