பெருவிரல் பாடும் கிற்றார்

நாற்பது வயதைக் கடந்த பின்னர் ஒருவர் புதிதாக ஒரு வாத்தியத்தைக் கையிலெடுத்தால் வீட்டார் நகைப்பது இயல்பே. எமது இல்லத்திலும் அது நிகழ்ந்தது. அமெரிக்க மலைநாட்டு மக்களின் பாணியிலே கிற்றார் பழகவேண்டும் என்னும் ஆசை எமக்கு உண்டாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியிலிருந்து திரும்பி, விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பின்னர் முன்னிரவில் அரைமணி நேரம். இதுவே எமது சாதகம். "சேருக்கு இப்போது என்ன வந்தது?" என்று அயல்வீட்டு மாணவன் ஒருவன் எம் மகனிடம் கேட்டானாம்.

அவன் கேட்டதில் நியாயம் உண்டு. முதல் ஆறு மாதமும் எமது கிற்றாரிலிருந்து பாட்டு எதுவும் பிறக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து இடக்கை விரல்களைப் படத்திற் கண்டவாறு அழுத்தினோம். வலக்கையால் ஆறு தந்திகளையும் மேலும் கீழுமாக வாரினோம். தாளம் வந்தது, ஓசை வந்தது, பாட்டு வரவில்லை. அதன் காரணம் யாதென விளங்கியது, மேபெல் கார்ட்டர் என்னும் அம்மையாரின் பழைய இசைத்தட்டுக்களை ஊன்றிக் கேட்ட பின்னரே.

வேர்ஜீனியா, டென்னசி, வட கரோலினா, கென்டக்கி முதலிய மாநிலங்களை ஊடறுத்துச் செல்லும் அப்பலாச்சிய மலைத்தொடரே இவ்விசையின் தாயகம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் தம் கதைப்பாடல்களையும் பிடில் வாத்தியத்தையும் உடன் கொண்டுவந்தனர். பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் தந்த கொடை. கிற்றார் அங்கே பிந்தி வந்த விருந்தாளி. அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களின் மூலம் மலிவான கிற்றார்கள் மலைக்குடிசைகளை எட்டின. 'நாட்டார் பாடல்', 'கன்ட்ரி', 'புளூகிராஸ்' என இன்று வெவ்வேறு பெயர்களால் வழங்குவன யாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பழகுவோர் முதலில் மனங்கொள்ளுதல் நன்று.

1927ஆம் ஆண்டு கோடையில், விக்டர் இசைத்தட்டுக் கம்பனியின் சார்பில் ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் நகருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்தார். டென்னசிக்கும் வேர்ஜீனியாவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு அந்நகரின் பிரதான வீதி நடுவே செல்கின்றது. அங்கே பாட வந்தவர்களுள் மூவர் ஒரு குடும்பத்தினர்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, அவர் தம்பி மனைவி மேபெல். மேபெலுக்குச் சாரா ஒன்றுவிட்ட சகோதரியும் ஓரகத்தியும் ஆவார். அப்பொழுது மேபெலின் வயது 18; அவர் கருவுற்றும் இருந்தார்.

அந்தக் குழுவிலே பிடில் வாசிப்பவர் இல்லை. பாட்டின் ஒரு கண்ணிக்கும் மறு கண்ணிக்கும் இடையே மெட்டை வாசிப்பவர் யார்? தாளம் போடுபவரும் மேபெல்தான். மெட்டு வாசிக்க வேண்டியவரும் மேபெல்தான். இரண்டு வேலையையும் ஒரு கையாற் செய்யும் வழியை அவர் கண்டார். தடித்த தந்திகளிலே பெருவிரல் மெட்டை வாசிக்கும். சுர ஒலிகளுக்கிடையே சுட்டுவிரல் மெல்லிய தந்திகளை வருடித் தாளத்தைக் காக்கும். 1928இல் ஒலிப்பதிவான 'வைல்ட்வுட் ஃபிளவர்' என்னும் பாடலிலே இம்முறை தெளிவாகக் கேட்கும். அமெரிக்காவில் இப்பாணி பழகத் தொடங்குவோர் பலர்க்கும் இன்றுவரை இப்பாடலே பாலபாடம்.

நாம் பழகிய முறையைச் சற்று விரித்துக் கூறினால் மாணவர்க்குப் பயன்படக்கூடும். தடித்த தந்திகள் மூன்றும் பெருவிரலின் ஆட்சிக்கு உரியன. மெல்லிய மூன்றும் சுட்டுவிரலுக்கு உரியன. இடக்கையால் 'சி' என்னும் சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு வரை எண்ணுக. ஒன்றிலும் மூன்றிலும் பெருவிரல் ஒரு தந்தியை அழுத்தமாக மீட்டும்; இரண்டிலும் நான்கிலும் சுட்டுவிரலின் நகப்புறம் கீழ்நோக்கி வருடும். எமது சங்கீதத்திலே தாளம் போடும்போது தட்டும் வீச்சும் மாறி மாறி வருவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் வசப்படும்: பெருவிரல் தட்டு, சுட்டுவிரல் வீச்சு. இந்த ஆட்டம் எண்ணிப் பாராமலே கைக்கு வருமட்டும் மெட்டைப் பற்றிச் சிந்திக்கவே கூடாது. எமக்கு அதற்கு ஏழு வாரம் பிடித்தது. பின்னர் பெருவிரலை மட்டும் விடுதலை செய்து, பாட்டின் சுரம் எந்தத் தந்தியில் உள்ளதோ அங்கே போகவிடுதல் வேண்டும். அன்று திடீரெனப் பாட்டு கேட்கிறது. அடுக்களையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள் என்பதைச் சிறிது பெருமையுடனேயே எழுதுகிறோம்.

விரல்நுனி வலிப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். தந்திகள் உருக்கினாலானவை, தோல் காய்த்துப்போகச் சில வாரம் செல்லும். நாளுக்கு அரைமணி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் வாசித்து மற்றைய நாட்களில் தொடாதிருப்பது வீண்.

ஆசிரியத் தொழிலில் இருப்போரின் நெஞ்சைத் தைக்கும் ஒரு செய்தியும் கார்ட்டர் குடும்பத்தின் வரலாற்றில் உண்டு. வட கரோலினாவிற் பிறந்த லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இசைஞர் விபத்தினால் ஒரு காலையும், வலக்கை விரல்கள் இரண்டையும் இழந்தவர். எஞ்சிய விரல்களைக்கொண்டே தமக்கென ஒரு மீட்டும் முறையை அமைத்துக்கொண்டவர். ஏ. பி. கார்ட்டர் பழம்பாடல்களைத் தேடி மலைக்கிராமங்களுக்குச் செல்லும்போது இவரையும் அழைத்துச் செல்வார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வைத்திருத்தல் ரிடிலின் பொறுப்பு. அவர் கார்ட்டர் வீட்டிலே தங்கிய நாட்களில் மேபெல் அவருடைய விரல்களைக் கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். 'கனன்போல்' என்னும் பாடல் அவ்வாறு வந்ததே. ஆயின் இசைத்தட்டுக்களில் ரிடிலின் பெயர் இல்லை. 1965இல் மைக் சீகர் என்னும் பாடகர், மேபெல் வாயிலாக அவரைப் பற்றி அறிந்து தேடிச் சென்றபோது, ரிடில் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில், கிற்றார் வாசிப்பதைக் கைவிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார். சீகர் அப்போது தொடங்கிப் பதிவுசெய்த பாடல்கள் 1993இல்தான் தனித்தொகுப்பாக வெளிவந்தன. அதைப் பார்க்க ரிடில் உயிரோடில்லை.

எலிசபெத் கொட்டனின் வரலாறு அவ்வளவு துயரமானதன்று. வட கரோலினாவிலே பிறந்த இவர் இடக்கைப் பழக்கமுடையவர். சிறுமியாயிருந்தபோதே வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் 3.75 டொலருக்கு ஒரு கிற்றார் வாங்கினார். தந்திகளை மாற்றிக் கட்டாமல் வாத்தியத்தை அப்படியே திருப்பிப் பிடித்தார். ஆகவே மற்றவர் பெருவிரலால் வாசிக்கும் தடித்த தந்திகளை அவர் மற்றைய விரல்களால் வாசித்தார். மெட்டைப் பெருவிரல் வாசித்தது. ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்தால் 'பிழையாகப் பிடிக்கிறாய்' என்று தடுத்திருப்பார், நாமே தடுத்திருப்போம். திருமணத்தின் பின் பல்லாண்டுகள் வாசிக்காதிருந்தவர், கடைத்தொகுதி ஒன்றிலே வழிதவறி நின்ற ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அக்குழந்தை சீகர் குடும்பத்துப் பெகி. அதன் பயனாக அந்த வீட்டிலே பணிபுரியச் சென்று, அங்கே சுவரில் தொங்கிய கிற்றாரை மீண்டும் தொட்டார். 1958இல் அவருடைய முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. 1985இல் கிராமி விருது பெற்றபோது தொண்ணூறு வயதை எட்டியிருந்தார்.

கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்த மேர்ல் டிராவிஸ் பெருவிரலை ஓயாது இரண்டு தடித்த தந்திகளுக்கிடையே ஊசலாட விட்டு, சுட்டுவிரலால் மெட்டை வாசித்தார். இது கார்ட்டர் முறைக்கு ஏறக்குறைய எதிர்மாறானது. அதனைப் பழகி முடித்தவர்க்கே உரியது.

புளூகிராஸ் இன்னும் கடினம். கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோவின் குழுவில் 1945 இறுதியில் பாஞ்சோ வாசிப்பவரான ஏர்ள் ஸ்க்ரக்ஸ் சேர்ந்ததுடன் அந்த இசை உருப்பெற்றது. அதன் வேகம் குதிரையோட்டம். அங்கே கிற்றாரின் பணி நெடுங்காலம் தாளம் காப்பதாகவே இருந்தது. அதை முன்வரிசைக்குக் கொணர்ந்தவர்களுள் தலையானவர் டொக் வாட்சன். ஓராண்டு நிறையுமுன்னரே கண்பார்வையை இழந்தவர். 1950களில் நடனக் குழுவொன்றில் வாசித்தபோது அங்கே பிடில்காரர் இல்லை; நடனத்துக்கோ பிடில் மெட்டுக்கள் வேண்டும். அவற்றைச் சிறு தகட்டினால் மீட்டிக் கிற்றாரிலேயே வாசித்தார். தகடு கீழே, மேலே, கீழே, மேலே என ஒருபோதும் பிறழாமற் செல்லவேண்டும் என்பதே இம்முறையின் இரகசியம்.

இவர்களுள் எவரும் புத்தகம் பார்த்துக் கற்றவரல்லர். பின்வந்த மாணவர்களும் இசைத்தட்டையே குருவாகக் கொண்டனர்; 33 சுற்று வேகத்துத் தட்டை 16 சுற்றில் ஓடவிட்டு, பாதி வேகத்தில் ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கினர். அப்போது சுருதி ஒரு தாயி இறங்கிவிடும். இன்றோ கைத்தொலைபேசியே சுருதி குறையாமல் வேகத்தைக் குறைத்துத் தருகிறது. நாமும் மேபெலின் வாசிப்பை அவ்வாறே பாதி வேகத்தில் கேட்கிறோம். முதலிரண்டு அடிகளும் இப்போது ஒழுங்காக வருகின்றன. மூன்றாம் அடியில் பெருவிரல் நான்காம் தந்திக்குப் போகவேண்டிய இடத்தில் ஐந்தாம் தந்தியில் நின்றுவிடுகிறது. சென்ற வாரம் அயல்வீட்டு மாணவன் வேலிக்கு அப்பாலிருந்து, "சேர், அந்த இடம் இன்னும் பிழை" என்றான்.